துவிச்சக்கர வண்டியும் மலைநாட்டு வழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்குத் துவிச்சக்கர வண்டி புதியதொன்றன்று. பள்ளிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதிலேயே சென்று பழகியவர்கள் அவர்கள். 1990ஆம் ஆண்டுகளில், போரின் காரணமாக எரிபொருள் வடக்கிற்கு வருதல் தடைப்பட்டிருந்த காலத்தில், ஆளையும் அரிசி மூடையையும் விறகையும் சுமந்தது அவ்வண்டியே. ஆயினும் குடாநாடு சமதரையாதலின், ஆங்குத் தூரம் என்பது நீளம் ஒன்றே. பத்துக் கிலோமீற்றர் செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதைச் சிறுவனும் கணக்கிட்டுக் கூறுவான். மலைநாட்டிலோ அக்கணக்குச் செல்லாது. அங்கு நீளத்தோடு உயரமும் சேர்ந்தே வழியை அளக்கின்றது. அஃது எவ்வாறு என்பதையும், அதனை அறிவதால் விளையும் பயன் யாது என்பதையும், சபரகமுவ மாகாணத்து றக்வான மலைவழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவாம்.

இறக்குவானை எனவும் தமிழர் வழங்கும் றக்வான, இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பாகத்திலுள்ள சிற்றூர். இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, காவத்தை, மாதம்பை என்னும் ஊர்களைக் கடந்து அதனை அடையலாம். வழியில் வயல்களின் நடுவே மாணிக்கக் குழிகளும், சாய்வுகளில் றப்பர்த் தோட்டங்களும், மேலே செல்லச் செல்லத் தேயிலையும் காணப்படும். றக்வானைக்கு அப்பால் புளுத்தோட்டைக் கணவாயில் வீதி கொண்டையூசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறிச் சூரியகந்தையை அடைந்து, பின்னர்த் தெனியாயையை நோக்கி இறங்குகின்றது. இம்மலைத்தொகுதி, இலங்கையின் நடு மலைநாட்டிலிருந்து தாழ்நிலத்தாற் பிரிக்கப்பட்டுத் தனித்து நிற்பது. அதன் சிகரங்களுள் ஒன்றாகிய கொங்கலை 1,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையது. கிங் கங்கையும் நில்வளா கங்கையும் இம்மலைகளிலேயே ஊற்றெடுக்கின்றன. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிங்கராசக் காட்டின் கீழ்ப்பகுதியும் இவற்றையே சார்ந்துள்ளது.

துவிச்சக்கர வண்டியில் மலைப்பயணம் செய்வோர் பெரிதும் புகழ்வது ஸ்கொத்லாந்தின் மேட்டுநிலத்தை. அந்நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பென் நெவிசும் 1,345 மீற்றரே. கொங்கலையோடு ஏறத்தாழ ஒத்தது. எனினும் இரு நாட்டு வழிகளும் ஒத்தவையல்ல. ஸ்கொத்லாந்தின் பள்ளத்தாக்குகளைப் பனிக்கட்டியாறுகள் அகழ்ந்தன. ஆதலின் அவை அகன்று, அடி தட்டையாகி, ஆங்காங்கே நீண்ட ஏரிகளைத் தாங்கி நிற்கின்றன. நெஸ் என்னும் ஏரி மட்டும் ஏறத்தாழ 37 கிலோமீற்றர் நீளமுடையது. அவ்வேரிக்கரைகளைப் பற்றி ஓடும் வீதிகளில் வண்டியோட்டி நெடுந்தூரம் இளைப்பின்றிச் செல்லலாம். இலங்கை மலைகளிற் பனிக்கட்டியாறு பாய்ந்ததில்லை. மழையாறுகளே பள்ளத்தாக்குகளைக் குறுகலாகவும் ஆழமாகவும் வெட்டின. இயற்கையான ஏரிகளும் அங்கில்லை. காணப்படும் பெருநீர்நிலைகள் அணைகட்டித் தேக்கியவை. வீதி தங்கிச் செல்லத் தட்டையான அடி இன்மையால், அது மலையின் விலாவைப் பற்றி வளைந்து ஏறவேண்டியதாயிற்று.

அவ்வேற்றம் மனிதவுடலிடம் கேட்பது எவ்வளவு? 60 கிலோகிராம் நிறையுள்ள இளைஞன் ஒருவன், வண்டியும் மூட்டையுமாக 20 கிலோகிராமைச் சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சாய்வில் ஏறுகின்றான் எனக் கொள்வோம். பந்தயப் பயிற்சியில்லாத உடல் இடைவிடாது தரக்கூடிய வலு ஏறத்தாழ 100 உவாற்று. அவ்வலுவைக்கொண்டு அவன் ஒரு மணிநேரத்தில் 400 மீற்றர் உயரமே ஏறலாம். அச்சாய்வில் அது 5 கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைந்த வழி. அஃதாவது, நடப்பவனின் வேகம்.

முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் கொண்ட சாதாரண வண்டியில் மிதிகட்டை ஒருமுறை சுழல, வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் நகரும். அவ்வேகத்திற்கு நிமிடமொன்றுக்குப் பதினைந்து சுற்றே போதும். அத்துணை மெதுவாக மிதிப்பதற்கு ஒவ்வொரு மிதியிலும் உடல்நிறையின் பெரும்பகுதியை ஊன்றவேண்டும். முழங்கால் அதனை நெடுநேரம் தாங்காது. இக்குறையை நீக்கவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று வேகங்கொண்ட பின்சில்லுக் குடமும், பின்னர்ச் சங்கிலியைப் பல்வேறு பற்சில்லுகளுக்கு மாற்றும் அமைப்பும் பரவின. 1903இல் தொடங்கிய பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தில், சங்கிலி மாற்றும் அமைப்பு 1937ஆம் ஆண்டிலேயே அனுமதிக்கப்பட்டது. கருவியின் துணையை வீரத்திற்கு இழுக்கு என அதுவரை கருதினர் போலும். மலையோ அவ்வாறு கருதுவதில்லை. பற்சில்லு இல்லாதவன் இறங்கி வண்டியை உருட்டிச் செல்வதும் இழுக்கன்று. அவன் ஏறிச் செல்பவனுக்குப் பெரிதும் பின்தங்குவதில்லை என்பதை மேலே கண்ட கணக்கே காட்டும்.

ஏற்றத்திற் களைப்பு உண்டெனினும், ஆபத்து இறக்கத்திலேயே உளது. ஏறும்போது சேர்த்த சத்தியின் பெரும்பகுதி இறங்கும்போது தடுப்பின் உராய்வில் வெப்பமாகவேண்டும். இரும்பு வளையத்தைப் பற்றும் தடுப்புக்கட்டை மழையில் நனைந்தால் பிடியிழக்கும். இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. யாழ்ப்பாணத்து மழையோ அதன் மூன்றிலொரு பங்களவே. ஆதலின் வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்தலும், இரு தடுப்புகளையும் மாறிமாறிப் பயன்படுத்தலும், மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழையைத் தவிர்த்துத் தை, மாசி மாதங்களிற் செல்லுதலும் அறிவுடைமையாகும். 2003ஆம், 2017ஆம் ஆண்டுகளின் மே மாதங்களில் இம்மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் பலருயிரைக் கொண்டன என்பது மறக்கத்தக்கதன்று.

இனி, இவ்வழியில் வாழ்வோரை நோக்குவாம். ஸ்கொத்லாந்தின் மேட்டுநிலப் பள்ளத்தாக்குகள் இன்று தனிமையால் அழகு பெற்றவை என்பர். அத்தனிமை இயற்கை தந்ததன்று. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் நிலவுடைமையாளர் செம்மறியாட்டுப் பண்ணைகளுக்காகக் குடிகளை அகற்றியதால் வந்தது. இலங்கை மலைகளில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். காடு திருத்தியவரும், தோட்டத்திற்குப் பாதை வெட்டியவரும், லயக்காம்பிராக்களில் ஒடுங்கி வாழ்ந்தவரும் அவர்களே. அங்கு குடிகள் வெளியேற்றப்பட்டனர். இங்கு கொண்டுவரப்பட்டோர் குடிகளாக எண்ணப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சியோரின் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்வு பெற்றது.

இவ்வரலாற்றை நூலிற் கற்றல் எளிது. மோட்டார் வண்டியில் விரைந்து செல்பவனுக்கு இம்மக்கள் பசுமையினிடையே தோன்றி மறையும் வண்ணப்புள்ளிகளே. நடைவேகத்திற்குத் தாழ்ந்துவிட்ட துவிச்சக்கர வண்டிக்காரனோ, அதே சாய்வில் கொழுந்துச் சுமையோடு நிறுவைக்கு ஏறிவரும் பெண்ணுக்கு இணையாகச் செல்கின்றான். அவனுக்கு அவ்வேற்றம் ஒருநாட் பயணம். அவளுக்கோ அது நாள்தோறும் செய்யும் தொழில். அவளுடைய சுமையை இலகுவாக்கும் பற்சில்லு எதுவுமில்லை. “எங்கேயிருந்து வாறீங்க தம்பி?” என்று அவள் வினவ, நின்று விடை கூறுவதற்கும் அவ்வண்டியே இடந்தருகின்றது. ஒரே மொழி பேசியும் நெடுங்காலம் ஒருவரையொருவர் அறியாதிருந்த வடக்கும் மலையகமும் இத்தகைய சந்திப்புகளிலேயே நெருங்குதல் கூடும்.

சமதரையிற் பழகியவன் மலைநாட்டைக் காணச் செல்லுங்கால் உயரத்தைக் கண்ணால் மட்டும் அளந்து திரும்புவானாயின், அவன் கண்டது காட்சி ஒன்றே. அவ்வுயரத்தைத் தன் காலால் அளந்தவனே, அதில் வாழ்வோரின் உழைப்பையும் ஓரளவாயினும் அறிந்தவனாவான்.