எண்ணெய்க் கிணற்றைக் காக்கும் சேறும் சிமெண்டும்

சென்னையில் இருந்து மும்பைக்கு ரெயிலில் வருகிறவர்கள், ரேணிகுண்டாவைத் தாண்டியதும் கோடூர் என்ற ஊரைக் கடப்பார்கள். அதன் அருகே மங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே பூமியில் இருந்து ஒரு கல்லை வெட்டி எடுக்கிறார்கள். அதன் பெயர் "பேரைட்". பார்த்தால் சாதாரணக் கல்தான். கையில் தூக்கினால்தான் அதன் கனம் தெரியும். அதே அளவு தண்ணீரைப் போல 4 மடங்குக்கு மேல் எடை உள்ளது. உலகிலேயே பெரிய பேரைட் சுரங்கங்களில் மங்கம்பேட்டையும் ஒன்று.

இந்தக் கல்லை மாவாக அரைத்து என்ன செய்கிறார்கள் தெரியுமா? சேற்றில் கலக்கிறார்கள். அந்தச் சேற்றை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்துகிறார்கள்.

எண்ணெய்க் கிணற்றில் சேறா? ஆம்! சேறும் சிமெண்டும் சரியாக இல்லாவிட்டால் கிணறு எரிமலையாகிவிடும். அங்கே வேலை செய்கிறவர்களின் உயிருக்கு அந்த இரண்டும்தான் காவல்.

கடலுக்குள் கிணறு

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோ மீட்டர் தொலைவில், அரபிக் கடலில் எண்ணெய் வயல் இருக்கிறது. 1974-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் "சாகர் சாம்ராட்" என்ற துளை போடும் மேடை அங்கே எண்ணெயைக் கண்டுபிடித்தது. 1976-ம் ஆண்டு மே மாதம் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அன்று அதற்குப் பெயர் "பம்பாய் ஹை". இன்று "மும்பை ஹை". அங்கே எடுக்கும் எண்ணெயும் வாயுவும் கடலுக்கு அடியில் குழாய் போட்டு உரானுக்குக் கொண்டுவரப்படுகின்றன.

ஊரில் போர் போட்டால் சில நூறு அடியில் தண்ணீர் வந்துவிடும். எண்ணெய்க் கிணறு அப்படி அல்ல. 2 கிலோ மீட்டர், 3 கிலோ மீட்டர் என்று ஆழம் போகும். அதற்கு மேலும் போவது உண்டு. அந்த ஆழத்தில், பாறையின் நுண்ணிய துவாரங்களுக்குள் எண்ணெயும் வாயுவும் பயங்கர அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. வழி கிடைத்தால் போதும், மேலே பாய்ந்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது எது? சேற்றின் கனம்தான்!

கணக்கு இதுதான். 10 மீட்டர் உயரமுள்ள தண்ணீர், ஒரு சதுர சென்டி மீட்டர் மீது சுமார் ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. 3 ஆயிரம் மீட்டர் ஆழக் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தால், அடியில் 300 கிலோ அழுத்தம் இருக்கும். வாயுவின் அழுத்தம் அதைவிட அதிகமாக இருந்தால், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிடும். தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு கனமான சேறு என்றால், அதே ஆழத்தில் 450 கிலோ அழுத்தம் கிடைக்கும். இதற்காகத்தான் பேரைட் மாவைக் கலக்கிறார்கள்.

மாடு மிதித்த சேறு

இந்தச் சேற்றின் கதை சுவையானது. 1900-ம் ஆண்டு அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஸ்பிண்டில்டாப் மேட்டில் ஹாமில் சகோதரர்கள் கிணறு தோண்டினார்கள். மணல் சரிந்து சரிந்து துளையை மூடியது. தண்ணீர் விட்டுப் பார்த்தும் பயன் இல்லை. ஒரு குட்டையில் மாடுகளை இறக்கி, நம் ஊரில் சுவர் வைக்க மண் மிதிப்பதைப்போல மிதிக்க விட்டார்கள். அந்தச் சேற்றுத் தண்ணீரைக் கிணற்றில் செலுத்தினார்கள். மணல் சரிவது நின்றது! 1901-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி அந்தக் கிணற்றில் எண்ணெய் வானளாவப் பீறிட்டது.

இன்று மாடு இல்லை. "பென்டோனைட்" என்ற களிமண்ணைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். நமது நாட்டில் இது குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைக்கிறது.

பம்பு இந்தச் சேற்றைத் துளைக்குழாய்க்குள் தள்ளுகிறது. பாறையைக் குடையும் பல் வழியாகச் சேறு வெளியே பாய்கிறது. சூடேறிய பல்லைக் குளிர வைக்கிறது. பாறைத் தூளை அள்ளிக்கொண்டு, குழாய்க்கு வெளிப்புறமாக மேலே ஏறி வருகிறது. மேலே ஆடும் சல்லடையில் தூளை வடிகட்டிவிட்டு, அதே சேற்றை மறுபடியும் உள்ளே அனுப்புகிறார்கள். போகிற வழியில் துளையின் சுவரில் மெழுகியதுபோல ஒரு பூச்சையும் பூசிவிடுகிறது.

இன்னொரு குணமும் உண்டு. பம்பு ஓடும்போது சேறு தண்ணீர்போல ஓடும். பம்பு நின்றால் கூழ்போல உறைந்துவிடும். அதனால் பாறைத்தூள் கீழே விழாமல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கனம் கூடினாலும் ஆபத்துதான். பாறை பிளந்து, சேறு அதற்குள் ஓடிவிடும். கிணற்றில் சேற்றின் மட்டம் இறங்கும். அழுத்தம் குறையும். வாயு மேலே கிளம்பும். ஆகவே சேற்றுத் தொட்டியின் மட்டத்தை இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள். உள்ளே விட்டதைவிட அதிகமாகச் சேறு திரும்பி வந்தால், கீழே வாயு புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கிணற்றின் வாயை மூடவேண்டும். தாமதித்தால் தப்ப முடியாது.

உறையும் சிமெண்டும்

ஊர்க் கிணறு சரியாமல் இருக்க உறை இறக்குவார்கள். எண்ணெய்க் கிணற்றிலும் அப்படித்தான். கொஞ்ச ஆழம் தோண்டியதும் இரும்பு உறைக்குழாயை இறக்குகிறார்கள். குழாய்க்கும் பாறைக்கும் நடுவே உள்ள சந்தை சிமெண்டால் அடைக்கவேண்டும்.

அவ்வளவு ஆழத்துக்குச் சிமெண்டை எப்படிக் கொண்டுபோவது? குழாய்க்கு உள்ளே சிமெண்டுக் குழம்பை இறக்குகிறார்கள். அதன் தலையில் ஒரு ரப்பர் அடைப்பானை வைத்து, பின்னால் சேற்றைச் செலுத்தித் தள்ளுகிறார்கள். குழம்பு குழாயின் அடிவாய் வழியாக வெளியேறி, வெளிப்புறச் சந்தில் மேலே ஏறுகிறது. அங்கேயே இறுகுகிறது. நிலத்தடியில் உள்ள நல்ல தண்ணீரில் எண்ணெயும் உப்புநீரும் கலந்துவிடாமல் காப்பதும் இந்தச் சிமெண்டுதான். காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம் பகுதிகளில் எண்ணெய், வாயுக் கிணறுகள் வயல்களுக்கு நடுவே இருக்கின்றன. அங்கே விவசாயிக்கும் இந்தச் சிமெண்டு வளையம்தான் காவல்.

ஆழத்தில் சூடு அதிகம். சூட்டில் சிமெண்டு சீக்கிரம் இறுகும். பாதி வழியில் இறுகிவிட்டால் வேலை கெட்டுவிடும். எனவே இறுகுவதைத் தாமதப்படுத்தும் மருந்தைக் கலக்கிறார்கள். சர்க்கரை விழுந்தால் கலவை இறுக நேரமாகும் என்பது கொத்தனார்களுக்குத் தெரியும். அதே தத்துவம்தான்.

அவசரத்தின் விலை

சிமெண்டு போட்டபின் காத்திருக்க வேண்டும். இறுகியதா என்று சோதிக்கவேண்டும். துளை போடும் மேடைக்கு ஒரு நாள் வாடகையே பல லட்சம் ரூபாய். அதனால் காத்திருக்க மனம் வராது.

2010-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி, அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் "டீப்வாட்டர் ஹொரைசன்" என்ற மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் பலியானார்கள். கிணற்றின் அடியில் போட்ட சிமெண்டு வாயுவைத் தடுக்கவில்லை. சோதனையின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். கனமான சேற்றை எடுத்துவிட்டு, லேசான கடல் நீரை நிரப்பினார்கள். வாயு கிளம்பிவிட்டது. எண்ணெய் கடலில் பாய்வதை நிறுத்த 87 நாள் ஆயிற்று.

நமது நாட்டிலும் நடந்தது. அசாமில் பாக்ஜான் என்ற இடத்தில், 2020-ம் ஆண்டு மே 27-ந் தேதி ஒரு வாயுக் கிணறு பீறிட்டது. ஜூன் 9-ந் தேதி தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் 2 பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். கிணற்றை அடக்க நவம்பர் மாதம் ஆகிவிட்டது. கீழே இரண்டாவது தடுப்பு சரியாக நிற்கிறதா என்று சோதித்து உறுதி செய்யாமலே, கிணற்றின் வாயில் இருந்த அடைப்புக் கருவியை அகற்றியதை விசாரணைக் குழு குறையாகச் சொன்னது.

வீட்டுக்குக் கான்கிரீட்டுக் கூரை போட்டவர்கள், சென்டிரிங் பலகையை அன்றைக்கே பிரிப்பார்களா? பிரித்தால் கூரை தலையில் விழும். கட்டிட வேலைக்குப் போகிற சித்தாளுக்கும் தெரிந்த உண்மை இது. 3 கிலோ மீட்டர் ஆழத்தில் போட்ட சிமெண்டுக்கும் இதே சட்டம்தான். ஒரு நாள் வாடகை போனால் போகட்டும் என்று காத்திருக்கும் கிணற்றில்தான், வேலைக்குப் போனவன் வீடு திரும்புகிறான்.