கைரேகையும் சாவியும்

தங்கவயல் தமிழர் வரலாற்றில் 1930-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குத் தனி இடம் உண்டு. தொழிலாளர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. நம் முன்னோர்கள் வேலையை நிறுத்தினார்கள். ரேகை கொடுத்தவன் கையில் ஒன்றும் மிஞ்சாது, வாங்கியவன் கையில் எல்லாம் சேர்ந்துவிடும் என்பதே அதிலுள்ள சிக்கல் என்று நான் கருதுகிறேன்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போகிறார்கள். அவர்களில் கணிப்பொறி வேலை பார்ப்பவர்களை 'நீ யார்?' என்று தினமும் கேட்கும் இடங்களில் ஒன்று கிட்ஹப். நிரல்களைச் சேமித்து வைத்துப் பலர் கூடி வேலை செய்யும் கிடங்கு அது. 'ஓப்பன் தமிழ்' போன்ற தமிழ்க் கருவிகளும் அங்கேதான் இருக்கின்றன.

வலைப்பக்கத்தில் கடவுச்சொல் போட்டு நுழைவது எல்லோருக்கும் தெரியும். வேலை செய்பவர்களோ கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் நிரலை அனுப்புவார்கள். அங்கே 2021 ஆகஸ்ட் 13 முதல் கடவுச்சொல் செல்லாது. "பாஸ்வேர்டு சரியாத்தானே போடுறேன், ஏன் ஏத்துக்க மாட்டேங்குது?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

அதற்கு மாற்று, எஸ்.எஸ்.எச். சாவி. கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே பெயரை மட்டும் தமிழில் எழுதுகிறேன். 'எஸ்எஸ்எச் கீஜென்' என்ற கட்டளை ஒரே ஜோடியாக இரண்டு கோப்புகளை உண்டாக்கும். ஒன்று பொதுச் சாவி. 'பப்' என்ற பின்னொட்டு இருக்கும். அதை கிட்ஹப்பின் அமைப்புகள் பக்கத்தில் ஒட்டிவிடலாம். யார் பார்த்தாலும் பரவாயில்லை. மற்றது தனிச் சாவி. அது உங்கள் கணிப்பொறியை விட்டு வெளியே போகக்கூடாது. உள்ளே நுழையும்போது உங்கள் கணிப்பொறி தனிச் சாவியால் ஒரு கையொப்பம் போட்டு அனுப்பும். கிட்ஹப் பொதுச் சாவியை வைத்து அதைச் சரிபார்க்கும். சாவி வழியில் பயணம் செய்வதே இல்லை. திருட வழியில் நிற்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு சிறப்பும் உண்டு. முதன்முறை இணையும்போது எதிர்முனைக் கணிப்பொறி தன் 'கைரேகை'யைத் திரையில் காட்டி, "தொடரலாமா?" என்று கேட்கும். 1930-இல் ரேகை ஒரு பக்கம் மட்டும் கேட்கப்பட்டது. இங்கே நம்மிடம் கேட்பவனும் காட்டியாக வேண்டும். பலர் படிக்காமலே 'எஸ்' என்று தட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீங்க. கிட்ஹப் தன் ரேகைகளை வெளியிட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் தனிச் சாவிகளில் ஒன்றே சிறிது நேரம் பொதுவெளியில் கசிந்துவிட, அதை மாற்றினார்கள். அன்று பலருடைய திரையில் 'ரேகை மாறிவிட்டது' என்ற எச்சரிக்கை வந்தது. பெரிய இடத்திலும் சாவி தவறும் என்பதற்கு இதுவே சான்று.

சாவி கடினமாகத் தோன்றினால் 'ஜிஎச்' என்ற கருவி இருக்கிறது. 'ஜிஎச் ஆத் லாகின்' என்று தட்டினால் எட்டெழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதை உலாவியில் போட்டு ஒப்புதல் தர வேண்டும். நீங்களே கேட்டு வாங்கிய குறியீட்டை மட்டும் போடுங்கள். வேறொருவர் அனுப்பிய குறியீட்டைப் போட்டால் உங்கள் கணக்கை அவருக்குத் திறந்துவிட்டதாகும்.

பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை நான்கு. தனிச் சாவிக்கு ஒரு கடவுச்சொற்றொடர் வையுங்கள். நண்பனுக்கு வாட்ஸப்பில் சாவியை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனித்தனிச் சாவி வையுங்கள். மடிக்கணினி ரயிலில் தொலைந்தால், வேறொரு கணிப்பொறியில் நுழைந்து அதன் பொதுச் சாவியை உடனே நீக்குங்கள். ஏனெனில் உங்கள் பெயரில் ஏறும் தவறான நிரலுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். போவது உங்கள் வேலையாக இருக்கலாம்.