மெல்ல வேகும் சட்டி

பாவுக்குக் கஞ்சி காய்ச்ச நமக்குத் தெரியும். பதினெட்டு வயதில் தந்தையார் கற்பித்தார். சோற்றுக்குக் குழம்பு காய்ச்ச அறுபது வயது வரை ஒருவரும் கற்பிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மகளின் பிரசவத்தை முன்னிட்டு இல்லாள் மூன்று திங்கள் வெளியூர் சென்றபோதுதான், வீட்டில் எஞ்சியவர்கள் நாமும் மகனும் மட்டுமே என்பது புலப்பட்டது. காலையில் தறிக்குழியில் இறங்கியவன் இடையில் எழுந்து அடுப்பு மூட்டினால் முழக்கணக்கில் துணி குறையும். ஓட்டலில் உண்டாலோ கூலி கரையும்.

பரண்மீது, மாப்பிள்ளை ஈராண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு அனுப்பிய மின்சாரச் சட்டி ஒன்று பெட்டி பிரியாமல் கிடந்தது. 'ஸ்லோ குக்கர்' என்பது அதன் பெயர். வெளியே உலோகக் கூடு. அதனுள் வெப்பக் கம்பி. நடுவே தடித்த பீங்கான் சட்டி. மேலே கண்ணாடி மூடி. பிரஷர் குக்கரைப் போல விசில் அடிக்காது. கொதிநிலையை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் பதார்த்தத்தை வைத்திருக்கும். நமது சட்டி 200 வாட். எட்டு மணி நேரம் எரிந்தாலும் 1.6 யூனிட்டுக்கு மேல் செலவில்லை.

இதன் வரலாறு அங்கத்தினர்கள் அறியத்தக்கது. லித்துவேனிய யூதர்கள் வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வு நாளில் நெருப்பு மூட்டலாகாது. ஆகவே வெள்ளியன்று பகலிலேயே இறைச்சியும் அவரை வகைகளும் கிழங்கும் இட்ட சட்டியை ஊர் ரொட்டிக் கடை அடுப்பின் தணியும் சூட்டில் வைத்துவிடுவர். மறுநாள் 'சோலண்ட்' என்னும் அவ்வுணவு ஆயத்தமாக இருக்கும். இதைத் தம் வீட்டு முதியோர் வாயிலாகக் கேட்டிருந்த இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர், அச்சூட்டை மின்சாரத்தால் அமைத்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் அவரது தொழிலை ரைவல் கம்பெனி வாங்கி, 1971இல் 'க்ராக்பாட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டிலோ அதற்கு வெகு முன்பே, 1910இல், கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ மல்லிக் என்பார் கரி நெருப்பின் ஆவியில் அடுக்குப் பாத்திரங்களை வேகவிடும் 'இக்மிக் குக்கரை' அமைத்துவிட்டார்.

முதல் நாள் அரைக் கிலோ ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம், மிளகு, பட்டை, கிராம்பு யாவற்றையும் இட்டு, குழம்புக்கு ஊற்றுவதுபோல் தண்ணீர் ஊற்றினோம். மாலையில் கிடைத்தது ஸ்டூ அன்று. கறி மிதக்கும் வெந்நீர். இச்சட்டியில் ஆவி வெளியே போவது அற்பம். மூடியில் படிந்து திரும்ப உள்ளேயே சொட்டும். போதாக்குறைக்குக் கறியும் காயும் தத்தம் நீரை விடும். அரைக் கிலோவுக்கு ஒரு தம்ளர் நீர் போதும் என்று இப்போது அறிவோம். கறி பஞ்சாக வெந்திருக்க, உருளைக்கிழங்கு நறுக்கென்று நின்றதுதான் வியப்பு. சூடு அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது. நாம் கிழங்கை மேலே இட்டிருந்தோம். கிழங்கு அடியில், கறி மேலே என்பதே முறை. மகன் அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்த்ததும் ஒரு காரணம். ஒரு முறை திறந்தால், இழந்த சூட்டை மீட்கக் கால் மணிக்குக் குறையாமல் ஆகும். பாவு ஓட்டும் இடத்தில் நூலைத் தொட வரும் சிறுவனை விரட்டுவதுபோல் அவனை விரட்டினோம்.

கறி வாங்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. இச்சட்டிக்கு உயர்ந்த கறி வேண்டியதில்லை. கழுத்தும் முன்னங்காலும் நார் மிகுந்தவை. மெல்லிய சூட்டில் அந்நார் கரைந்து குழம்புக்குக் கனம் தருகிறது. கசாப்புக் கடைக்காரர்தாம் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

அடுத்தது பெரிய செய்தி. கொடைக்கானல் மலையில் பயிர் செய்யும் நண்பர் ஒருவர் சிவப்பு ராஜ்மா ஒரு பை கொடுத்திருந்தார். இரவு ஊறவைத்து, காலையில் நேரே சட்டியில் கொட்ட இருந்தோம். நல்வேளையாக மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் மருத்துவமனைத் தாதி. "அப்பா, வேண்டாம்! முதலில் அடுப்பில் கொதிக்கவையுங்கள்" என்று பதறினாள். ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. வேகாத கொட்டைகள் நான்கைந்து உண்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் காணும். நன்கு கொதித்தால் அது அழியும். 80 டிகிரி போன்ற மெல்லிய சூட்டிலோ அழியாதது மட்டுமன்று, பச்சைக் கொட்டையைவிடக் கேடு மிகுவதும் உண்டு. ஆகவே குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே சட்டியில் இடவேண்டும். 10 நிமிடக் கொதி போதும் என்பாரும் 30 நிமிடம் என்பாரும் உளர். நாம் அரை மணியே வைக்கிறோம்.

மூன்றாம் வாரத்தில் நேர்ந்தது நமது கவனக்குறைவு. கைத்தறிக்கு மின்சாரம் தேவையில்லை. தறிக்கூடத்தில் பகல் வெளிச்சம் இருந்தது. மாலையில் மூடியைத் திறந்தோம். கறி சூடாகவே இருந்தது, மணமும் குறைவில்லை. உண்ண அமர்ந்த பிறகுதான், காலை பத்து முதல் இரண்டு மணி வரை மின்சாரம் இல்லை என்று அண்டை வீட்டார் கூறினர். "மறுபடி கொதிக்கவைத்து உண்போம்" என்றான் மகன். நாள் கூலியில் பெரும்பகுதி அச்சட்டியில் கிடந்தது. நமக்கும் மனம் வரவில்லை. ஆயினும் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் கிருமிகள் விரைந்து பெருகும். சில விட்டுச் செல்லும் நஞ்சு மறுகொதியிலும் அழிவதில்லை. அவ்வளவையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அன்றிரவு மோரும் ஊறுகாயும் உண்டோம். இப்போது அதே இணைப்பில் ஒரு சிறு விளக்கை, தறியிலிருந்து கண்ணில் படும்படி எரியவிடுகிறோம். அணைந்தால் உடனே எழுந்து, கறியைக் கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடலாம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். சட்டியை மூன்றில் இரு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. உறைந்த கறியை அப்படியே இடலாகாது. தேங்காய்ப் பாலை முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். இறக்குவதற்குச் சற்று முன் ஊற்றவேண்டும்.

இல்லாள் பேரனைக் கண்ட மகிழ்ச்சியோடு திரும்பிய அன்று, நாமே செய்த ஸ்டூவை இடியாப்பத்துடன் பரிமாறினோம். ஒரு வாய் உண்டுவிட்டு, "உப்பு ஒரு கல் தூக்கல்" என்றார். பிறகு கிண்ணத்தை மீண்டும் நீட்டினார்.