சரவெடியும் சீரியல் வயரும்

சீரியல் கம்யூனிகேஷன் என்பதை எங்க ஊர்ப் பக்கம் விளக்குவது சுலபம். சரவெடிதான். பிட்டுகள் மொத்தமாக வராது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வயரில் வரும். 9600 பாட் வேகம் என்றால் ஒரு பிட்டுக்கு சுமார் 104 மைக்ரோ வினாடி. அனுப்புபவரும் வாங்குபவரும் இந்தக் கணக்கில் ஒத்துப்போனால் போதும்.

சிவகாசியில் இதை வைத்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: "ஆலையில ஒவ்வொரு ரூம்லயும் ஈரப்பதம் எவ்வளவுன்னு ஆபீஸ்ல உக்காந்தே பாக்க முடியாதா?" நியாயமான ஆசை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் வினை நடந்து சூடேறும். சூடு வெளியேற வழியில்லையென்றால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆன்லைனில் கிடைக்கும் சின்ன சென்சார்கள் பல ஐ-ஸ்கொயர்-சி முறையில் பேசுபவை. 1982-இல் பிலிப்ஸ் கொண்டுவந்தது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்ளத்தான் அது. வயர் நீள நீள அதன் கெப்பாசிட்டன்ஸ் ஏறி, சிக்னல் மழுங்கிவிடும். சில மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. பட்டாசு ஆலையோ, ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பிக்கட்டும் என்று வேண்டுமென்றே தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகள்!

இந்தத் தூரத்துக்கு ஆர்.எஸ்-485 சரிப்படும். 1983-இல் வந்த தரம். முறுக்கிய இரண்டு வயர்; ஒன்றில் வோல்டேஜ் ஏறும்போது மற்றதில் இறங்கும். வாங்கும் சிப் வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். பக்கத்து மோட்டாரின் இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே மாதிரி ஏறுவதால் கழிந்துபோகும். வேகத்தைக் குறைத்துக்கொண்டால் 1200 மீட்டர் வரை போகும். மேலே மோட்பஸ் ஓட்டினால் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு எண். ஆபீஸ் கம்ப்யூட்டர் "ஏழாம் நம்பர், சொல்லு" என்றால் ஏழு மட்டும் பதில் சொல்லும், மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும்.

இத்தோடு முடிந்தது என்று வயரை மருந்து அறைக்குள் இழுத்துவிடாதீர்கள். வயரில் தகவல் மட்டும் போவதில்லை, மின்சாரமும் போகிறது. ஒரு ஷார்ட், ஒரு பொறி போதும். ஐப்பசி இடி மின்னலில் நீள வயர் வெளியிலிருந்து சர்ஜையும் அறைக்குள் கூட்டிவரும். உள்ளேதான் அளக்க வேண்டுமென்றால், கோளாறானாலும் பற்றவைக்கும் அளவுக்கு ஆற்றல் போகாதபடி தடுக்கும் பேரியர், அதற்கென்றே சான்று பெற்ற சென்சார், வெடிபொருள் துறையின் அனுமதி எல்லாம் வேண்டும். முந்நூறு ரூபாய் சமாச்சாரம் அல்ல.

என் கட்சி: ஏசி இல்லாமல், கதவு திறந்தே கிடக்கும் அறைகளில் காற்றின் ஈரப்பதம் வெளியே இருப்பதை ஒட்டித்தான் இருக்கும். அதனால் சென்சாரை ஆபீஸ் பக்கம், மழையும் நேர்வெயிலும் படாமல் காற்றோட்டமாக மாட்டுங்கள். அந்தத் தூரத்துக்கும் ஆர்.எஸ்-485 தாராளம்.