ஓர் இசைத்தட்டும் மூன்று பெயர்களும்

கிளாரினெட் என்னும் துளைக்கருவி தமிழர்க்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது தஞ்சையில் சதிர்க் கச்சேரிக்குள் புகுந்துவிட்டது. பின்னாளில் ஏ.கே.சி. நடராசன் அதனைக் கருநாடக இசைக்குரிய தனிக் கருவியாகவே ஆக்கிக் காட்டினார். ஆயினும் அதே கருவி 1935 ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுக் காலம் அமெரிக்க நாட்டு இளைஞரை ஆட்டிவைத்த வரலாற்றை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அக்காலத்து இசைக்குச் 'சுவிங்' என்று பெயர். ஜாஸ் இசை கடந்து வந்த பருவங்களுள் அதுவும் ஒன்று. அப்பருவத்தின் முன்னணியில் நின்றவர் பென்னி குட்மன் என்னும் கிளாரினெட் கலைஞர். அவருக்குப் போட்டியாக எழுந்த ஆர்ட்டி ஷாவும் கிளாரினெட் கலைஞரே. இவர்களுடைய வாத்தியக் குழுக்கள் வெளியிட்ட இசைத்தட்டுகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பிறப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்தத் தட்டைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாளில், இசைப்பாட விரிவுரையாளர் ஒருவர் ஒலிநாடாவில் இரண்டு பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்தார். இரண்டும் ஒரே உருப்படி. 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' என்பது அதன் பெயர். ஒன்று பிளெட்சர் ஹெண்டர்சன் குழுவினருடையது. மற்றொன்று பென்னி குட்மன் குழுவினருடையது. "இவற்றுள் எது மூலம், எது வழி?" என்று அவர் வினவினார். குட்மன் பெயரை முன்பே கேள்வியுற்றிருந்த நாங்கள், அவருடையதே மூலம் என்று ஒருமித்த குரலில் விடையளித்தோம். அவர் சிரித்துவிட்டு ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினார்: 1932, 1935. முப்பது பேர் கூடிச் சொன்ன அத்தவறான விடை என் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

முதற்கண் இசைத்தட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அக்காலத்துத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். ஒருவர் பிழைபட்டால் வெட்டி ஒட்ட வழியில்லை. குழு முழுவதும் முதலிலிருந்தே மீண்டும் வாசிக்க வேண்டும். நடனக்கூடத்தில் பத்து நிமிடம் நீளும் இசையை இந்த மூன்று நிமிடத்திற்குள் அடக்குவதற்கு, யார் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, யாருக்கு எத்தனை ஆவர்த்தம் என்பதையெல்லாம் முன்கூட்டியே வகுத்தாக வேண்டும். இவ்வாறு வகுத்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே சுரம் எழுதித் தருபவரை இசையமைப்பாளர் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மெட்டைப் படைப்பவர் வேறு. அம்மெட்டைக் குழுவுக்கேற்ப வகுப்பவர் வேறு. பின்னவரை இங்கு வகுப்பாளர் என்று குறிப்போம். தட்டின் நடுவே ஒட்டிய தாளில் கண்ணைக் கவரும் எழுத்தில் இருப்பது குழுத் தலைவரின் பெயரே.

'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' மெட்டைப் படைத்தவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன். போர்ட்டர் கிங் என்னும் மற்றொரு பியானோ கலைஞரின் பெயரை முன்பின்னாக மாற்றி அவர் அதற்குச் சூட்டினார். 1923 இல் அவரே தனிப் பியானோவில் அதைத் தட்டில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு அது அச்சிலும் வந்தது.

இனி ஹெண்டர்சன். இவர் 1897 இல் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்றுத் தேறி, அத்துறையிலேயே முன்னேறும் எண்ணத்துடன் 1920 இல் நியூயார்க் சென்றார். கறுப்பின இளைஞர் ஒருவருக்கு அக்காலத்தில் அத்துறையில் இடம் கிடைப்பது எளிதாக இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பியானோ வாசிக்கத் தொடங்கியவர், சில ஆண்டுகளில் ரோஸ்லாண்டு நடனக்கூடத்தின் புகழ்மிக்க குழுவுக்குத் தலைவரானார். லூயி ஆம்ஸ்ட்ராங் 1924 இல் அக்குழுவில் சேர்ந்து ஓராண்டு எக்காளம் வாசித்தார். கோல்மன் ஹாக்கின்ஸ் பல ஆண்டுகள் சாக்சபோன் வாசித்தார். ஆட்களைத் தேர்வதில் ஹெண்டர்சனுக்கு நிகர் ஹெண்டர்சனே. ஆனால் கணக்கு வழக்கிலும் கண்டிப்பிலும் அவர் மிகத் தளர்ந்தவர்.

அவர் குழு 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' உருப்படியை 1928, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை பதிவு செய்தது. முதலில் இதற்கென எழுதிய தாள் எதுவும் இல்லை. இரவுதோறும் வாசிக்க வாசிக்க, ஒருவர் ஒரு துணுக்கைத் தொடங்க, மற்றவர் அதைப் பற்றிக்கொள்ள, உருப்படி தானே ஓர் உருவம் பெற்றது. மார்ட்டனின் மெட்டில் முற்பகுதியைச் சுருக்கி, இறுதிப் பகுதியையே அவர்கள் விரித்துக்கொண்டனர். அவ்விறுதியில் எக்காளமும் டிராம்போனும் சேர்ந்த பித்தளைக் கருவிகள் ஒரு சிறு துணுக்கை வீசும். சாக்சபோன்கள் உடனே விடை கூறும். மறுபடி வினா, மறுபடி விடை. கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலிலும் வயல்வேலைப் பாடலிலும் ஒருவர் பாட மற்றவர் விடைபாடும் வழக்கமே இதன் வேர். நாற்று நடவில் ஒருத்தி முன்பாட ஏனையோர் பின்பாடுவதைக் கேட்டவர்க்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை.

சுவிங் நடையைப் பற்றியும் ஒரு சொல். நான்கு எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்துடன் நடக்கும். ஆனால் ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரண்டாகப் பகுக்கும்போது அவை சம பாதிகள் ஆகா; முன்பாதி நீண்டும் பின்பாதி குறுகியும் ஒலிக்கும். 'தகிட' என்று சொல்லி, முதல் இரண்டு எழுத்தை ஒன்றாக நீட்டினால் அந்நடையின் சாயல் தோன்றும். சாயல் மட்டுமே, தாளில் எழுதிப் பிடிக்க முடியாத ஒரு நெகிழ்ச்சி அதில் உண்டு.

பொருளாதார மந்தம் அமெரிக்காவைத் தாக்கியதும் இசைத்தட்டுத் தொழில் வீழ்ந்தது. 1927 இல் பத்துக் கோடி அளவில் விற்ற தட்டுகள் 1932 இல் அறுபது இலட்சம் அளவுக்குச் சுருங்கின. 1934 இல் ஹெண்டர்சனின் குழு கலைந்தது. கையில் எஞ்சியிருந்தவை அவர் வகுத்த சுரத்தாள்களே.

அவற்றை விலைக்கு வாங்கியவர்தாம் பென்னி குட்மன். 1909 இல் சிகாகோவில், உருசியப் பேரரசிலிருந்து குடியேறிய ஏழை யூதத் தையற்காரர் ஒருவரின் பன்னிரண்டு மக்களுள் ஒன்பதாமவராகப் பிறந்தவர் குட்மன். தொழுகைக்கூடத்து இசைக்குழுவில் சகோதரர் மூவருக்கும் கருவி வழங்கியபோது, பெரியவனுக்குப் பெருங்குழல், அடுத்தவனுக்கு எக்காளம், மூவரிலும் சிறியவனான பென்னிக்குக் கிளாரினெட் என்று வாய்த்ததாம். உடல் அளவு பார்த்துக் கொடுத்த கருவி ஒரு வரலாற்றையே தொடங்கி வைத்தது. பின்னர் பிரான்சு ஷெப் என்னும் ஆசிரியரிடம் மேல்நாட்டுச் செவ்வியல் முறையில் பயின்றார். தந்தையார் 1926 இல் வாகன விபத்தில் இறந்தார். மகனின் புகழை அவர் காணவில்லை.

நம் பள்ளிகளில் ரெக்கார்டர் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கருத வேண்டும். ரெக்கார்டரில் கட்டைவிரல் துளையைச் சிறிது திறந்தால் அதே விரலமைப்பில் மேல் எட்டாம் சுரம் பிறக்கும். நாகசுரத்திலும் மிகுத்து ஊதினால் எட்டாம் சுரமே. கிளாரினெட்டோ ஒரே அகலமுள்ள நேர்குழாய். வாய்ப்பக்கம் அடைத்தது போன்ற இயல்புடையது. ஆதலால் அது பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். கீழ்நிலைக்கு ஒரு விரலமைப்பு, மேல்நிலைக்கு வேறொன்று. இரு நிலைகளும் சேரும் இடம் கற்போரைத் திணறடிக்கும். குட்மன் அவ்விடத்தைக் கடப்பதைக் கேளுங்கள். மூட்டுவாய் இருந்த சுவடே தெரியாது.

1934 டிசம்பரில் 'லெட்ஸ் டான்ஸ்' என்னும் வானொலி நிகழ்ச்சியில் வாரந்தோறும் வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. புதிய உருப்படிகள் வாங்கவும் பணம் ஒதுக்கப்பட்டது. ஜான் ஹாமண்டு என்னும் இசையார்வலரின் தூண்டுதலால் அவர் ஹெண்டர்சனை நாடினார். பழைய உருப்படிகளை மட்டுமன்றி, அந்நாளைய திரைப்பாட்டு, நாடகப்பாட்டு மெட்டுகளையும் ஹெண்டர்சன் வகுத்துத் தந்தார். 1935 சூலை 1 ஆம் நாள் குட்மன் குழு 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்', 'சம்டைம்ஸ் ஐம் ஹேப்பி' ஆகிய இரண்டையும் பதிவு செய்தது.

முதல் உருப்படியைப் பன்னி பெரிகன் அடைப்பிட்ட எக்காளத்தால் தொடங்கி வைக்கிறார். அவர் குரலில் ஒரு கரகரப்பும் துணிவும் உண்டு. குட்மனின் கிளாரினெட் தனி ஆவர்த்தம் தெளிந்த நீரோடை போல வழுக்கிச் செல்கிறது. இறுதியில் அந்த வினாவிடை வருகிறது. ஹெண்டர்சன் குழுவினர் தாமே கண்டுபிடித்ததை இவர்கள் தாள் பார்த்து வாசிக்கின்றனர். ஆனால் எத்துணைக் கட்டுப்பாடு! பதினான்கு பேரின் மூச்சும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் அறுகிறது. குட்மன் பயிற்சியில் இரக்கமற்றவர். பிழை செய்தவரை அவர் உற்று நோக்கும் பார்வையைக் கண்டு வாத்தியக்காரர்கள் நடுங்கினர் என்பர். இரண்டாம் உருப்படியில் ஹெண்டர்சனின் புலமை மேலும் விளங்கும். நான்கு சாக்சபோன்களுக்கு அவர் எழுதிய பகுதி, ஒரு தனிக்கலைஞர் மனம்போனபடி கற்பனை செய்து வாசிப்பது போலவே வளைந்து செல்லும். ஆனால் நால்வரும் நான்கு சுரத்தில் ஒருங்கே செல்வர். இதுவே பின்வந்த குழுக்களுக்கெல்லாம் இலக்கணமாயிற்று.

அவ்வாண்டு மே மாதமே வானொலி நிகழ்ச்சி நின்றுபோயிருந்தது. குழு மேற்கு நோக்கிப் பயணம் செய்தது. வழியில் பல ஊர்களில் வரவேற்பில்லை. ஆகஸ்டு 21 இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பாலோமர் நடனக்கூடத்தில் மென்மையான பாட்டுகளையே முதலில் வாசித்தனர், கூட்டம் அசையவில்லை. தோல்விதான் எனில் நம் இசையோடு தோற்போம் என்று ஹெண்டர்சன் தாள்களை எடுத்தனர். இளைஞர் கூட்டம் மேடையை நோக்கி அலையெனப் பாய்ந்தது. காரணம் எளிது. நியூயார்க்கில் நள்ளிரவில் ஒலித்த அந்த வானொலி நிகழ்ச்சி, மூன்று மணி நேரம் பின்தங்கிய கலிபோர்னியாவில் இளைஞர் விழித்திருக்கும் வேளையில் ஒலித்திருந்தது. நேர வேறுபாடு ஒரு மனிதனின் தலையெழுத்தை மாற்றிய கதை இது. சுவிங் காலம் அன்றிரவு பிறந்தது என்று எழுதுவோர் உளர். அது மிகை, ஹெண்டர்சன் குழுவும் டியூக் எலிங்டன் குழுவும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவ்விசையை வாசித்துவந்தன.

அப்படியாயின் குட்மன் பிறர் பொருளைக் கவர்ந்தவரா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் தாளுக்கு விலை கொடுத்தார். 1939 இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் ஹெண்டர்சனின் பங்கை ஒளிக்காமல் கூறினார். கறுப்பினப் பியானோ கலைஞர் டெடி வில்சனுடன் 1935 இல் மூவர் குழுவாகப் பதிவு செய்து, 1936 இல் அவரைப் பொதுமேடையிலும் அமர்த்தினார். அதே ஆண்டு லயனல் ஹாம்ப்டனும் சேர்ந்தார். இரு இனத்தாரும் ஒரே மேடையில் வாசிப்பதை அந்நாட்டின் பெரும்பகுதி ஏற்காத காலம் அது. எனினும் பெரிய உணவகங்களும் வானொலி விளம்பரதாரர்களும் வெள்ளையர் குழுவுக்குத் திறந்த கதவை ஹெண்டர்சனுக்கு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கவர்ந்தது தனி மனிதரன்று. வாயிற்காவல் அப்படி இருந்தது.

1938 சனவரி 16 இல் குட்மன் குழு நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் வாசித்தது. மேடைக்கு மேல் தொங்கிய ஒலிவாங்கி வழியே அது பதிவாயிற்று. அத்தட்டுகள் மறந்து கிடந்து, 1950 இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றன. 'சிங், சிங், சிங்' என்னும் உருப்படியில் ஜீன் குரூபாவின் முழவொலிக்கிடையே ஜெஸ் ஸ்டேசி எதிர்பாராது வாசித்த அமைதியான பியானோப் பகுதிக்காகவே அப்பதிவைக் கேட்கலாம். 1937 இல் இதே உருப்படியைப் பன்னிரண்டு அங்குலத் தட்டின் இரு பக்கங்களிலும் பரப்பிப் பதிவு செய்திருந்தனர்; மூன்று நிமிட வரம்பை அது உடைத்தது.

ஹெண்டர்சன் 1936 இல் மீண்டும் குழு அமைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1939 இல் குட்மன் குழுவிலேயே பியானோ வாசிப்பவராகச் சேர்ந்தார். மார்ட்டன் 1941 இல் இறந்தார். ஹெண்டர்சன் 1950 இல் பக்கவாதத்துக்கு ஆளாகி, 1952 டிசம்பர் 29 இல் காலமானார். குட்மன் 1986 வரை வாழ்ந்தார். 1961 இல் ஹெண்டர்சன் குழுவின் பழைய பதிவுகளைத் திரட்டி நான்கு நெடுந்தட்டுகளாக வெளியிட்ட நிறுவனம், அத்தொகுப்புக்கு இட்ட பெயரின் பொருள் 'ஏமாற்றம் குறித்த ஓர் ஆய்வு' என்பதாகும்.

இப்பதிவுகள் யாவும் இன்று கைத்தொலைபேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. சென்ற ஆண்டு என் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அவ்விரண்டையும் ஒலிக்கச் செய்து, பெயர் ஏதும் சொல்லாமல், விரிவுரையாளர் எங்களைக் கேட்ட அதே வினாவைக் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "முதல்ல கேட்டதுல அவங்க பேசிக்கிறாங்க ஐயா, ரெண்டாவதுல மனப்பாடம் பண்ணி அழகா ஒப்பிக்கிறாங்க," என்றாள். வகுப்பார் மீண்டும் ஒருமுறை கேட்க விரும்பினர். அதற்குள் மணி அடித்துவிட்டது.