தங்கத்தை விடுவிக்கும் பாக்டீரியாத் தொட்டிகள்

தென்னாப்பிரிக்காவில் பார்பர்டன் அருகேயுள்ள ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986-இல் நடைமுறைக்கு வந்த முறை இது. அங்கே தங்கம் பைரைட், ஆர்சனோபைரைட் கனிமங்களுக்குள் நுண்துகள்களாகச் சிக்கியிருப்பதால் சயனைடு கரைசல் அதை எட்டுவதில்லை. செறிவூட்டி, மாவாக அரைத்த தாது, ஐந்தில் நான்கு பங்கு நீர் கலந்த அமிலக் கூழாகத் தொட்டிகளுக்குள் செல்கிறது. இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்து பிழைக்கும் பாக்டீரியாக்கள் நான்கைந்து நாட்களில் கனிமத்தைச் சிதைத்துவிடும்.

முதற்கட்டத் தொட்டிகள் இணையாக அமைந்தவை. கூழ் அவற்றில் நெடுநேரம் தங்காவிட்டால், பாக்டீரியா பெருகுமுன்பே அடித்துச் செல்லப்படும். அடுத்தவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. அடியிலிருந்து காற்று இடைவிடாமல் ஊதப்படுகிறது. வடிவமைப்பாளருக்குப் பெரிய தலைவலி வெப்பம்தான்: வினையே சூட்டைக் கக்குவதால், குளிர்நீர்ச் சுருள்களைக் கொண்டு கூழை 40 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்த வேண்டும். கரைந்த ஆர்சனிக் சுண்ணாம்பால் படியவைக்கப்படுகிறது. கழுவிய எச்சத்திலுள்ள தங்கத்தைச் சயனைடு கரைத்தெடுக்கிறது.