சென்னை குளித்த தண்ணீரில் ஒரகடம் ஓடுகிறது, தெரியுமா?

சென்னையில் யாரோ குளித்த தண்ணீர், கொஞ்ச நாளில் ஒரகடத்துத் தொழிற்சாலைக்குள் போய்ச் சேருகிறது, தெரியுமா? குளித்தது மட்டுமா? பாத்திரம் கழுவியது, கழிப்பறையில் ஊற்றியது எல்லாம்தான்! முகம் சுளிக்க வேண்டாம். கோயம்பேட்டில் 2019-இல் திறந்த மூன்றாம் நிலை சுத்திகரிப்பு நிலையத்தின் திறன், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஒருமுறை சுத்தம் செய்த கழிவுநீரை மறுபடி மணலில் வடித்து, நுண்சவ்வில் வடித்து, கடைசியில் நம் சமையலறைச் சுவரில் தொங்கும் அதே ஆர்.ஓ. முறையில் உப்பையும் பிரித்து, சுமார் 60 கிலோமீட்டர் குழாயில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். 4.5 கோடி லிட்டரை 12,000 லிட்டர் லாரிகளில் ஏற்றினால் தினம் 3,750 நடை! அத்தனை லாரியும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வந்தால் என்ன ஆகும் என்று, அந்தச் சாலையில் ஷிப்டு பஸ்ஸில் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு? நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி, 24 அடி ஆழம். கடல் மாதிரிதான் தெரியும். 2015 டிசம்பரில் அதே ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட, அடையாறு பெருகி ஊரையே மூழ்கடித்தது. சரியாக மூன்றரை வருடம். 2019 ஜூனில் ஏரி வறண்டு தரை தெரிந்தது! சிக்கராயபுரம் கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரை இறைத்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ஏரியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான் இவ்வளவு பாடு.

 

சரி, ஆலைகள் கழிவுநீரைக்கூட வீணாக விடுவதில்லை. அதே ஆலை வாசலிலிருந்து ஷிப்டு முடிந்து வீடு வந்தால்? மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், மொட்டை மாடித் தொட்டி வழிந்து தெருவில் ஓடுகிறது. எனக்கு இது புரியவே இல்லை!

உங்கள் மாடியின் கணக்கு தெரியுமா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில், ஐப்பசியில் ஒரு நல்ல மழை, 100 மில்லிமீட்டர் கொட்டினால், 9,000 லிட்டருக்கு மேல்! முக்கால் லாரித் தண்ணீர் காசில்லாமல் வந்து, பெரும்பாலும் சாக்கடைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகி 2003-லிருந்து இத்தனை வருடம் ஆயிற்று. குழாய் இருக்கிறது, அது எங்கே போகிறது என்று எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்? வடிகட்டும் மணலும் ஜல்லியும் சேறடைத்துக் கிடந்தால் குழாய் இருந்தும் பயனில்லை. புரட்டாசியிலேயே அள்ளிக் கழுவிப் போட்டுவிடுங்கள். முதல் மழை மாடித் தூசியோடு வரும், அதை வெளியே விட்டுவிட வேண்டும்.

சொட்டும் குழாய்? நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு, ஏறத்தாழ 20 லிட்டர். கடையில் காசு கொடுத்து வாங்கும் ஒரு கேன் தண்ணீர்! பத்து ரூபாய் வாஷர் போதும்.

வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, மூன்று லிட்டர் வரைகூட வெளியே தள்ளும், தெரியுமா? அது வீடு துடைக்க ஆகும். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம். செடிக்கு ஏசி குழாயில் சொட்டுவதைப் பிடியுங்கள். அது காற்றிலிருந்த ஈரம், உப்பே இல்லாதது. அரிசி கழுவியது கறிவேப்பிலைக்கு.

தென்னை வைத்திருக்கிறீர்களா? உரித்த மட்டையைக் கொளுத்தாதீர்கள்! மரத்தைச் சுற்றிக் குழி எடுத்துப் புதைத்தால், தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கொடுக்கும்.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்தது: புதைபானை. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே சீன விவசாய நூலொன்று இதைச் சொல்லியிருக்கிறது! சுட்ட மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி வைத்தால் தீர்ந்தது. மண் காயும்போது பானை கசியும். மண் ஈரமானால் கசிவு தானே குறையும். மோட்டார் இல்லை, ஆள் இல்லை! சுற்றி நாலு கத்தரியோ, ஒரு பூசணியோ வைக்கலாம். வாரம் ஒன்றிரண்டு தடவை பானையை நிரப்பினால் போதும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் கொசு. வாங்கும்போது பெயிண்ட் அடித்த பானையைத் தொடாதீர்கள், அதில் ஒரு சொட்டும் கசியாது.